‘ஸோ’வா, ‘பிகாஸ்’ஸா, முற்றுப்புள்ளியா? ஆங்கில வாக்கியங்களை இணைக்க எதைத் தேர்வது

இரண்டு சின்ன ஆங்கில வாக்கியங்கள் கையில் இருக்கின்றன. “தி பஸ் வாஸ் லேட். ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ.” பஸ் தாமதமானது, நேர்காணல் கைவிட்டுப் போனது. இவற்றை ஒன்றாக்கக் குறைந்தது ஆறு வழிகள் உண்டு.

“தி பஸ் வாஸ் லேட், ஸோ ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ.”
“ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்.”
“பிகாஸ் தி பஸ் வாஸ் லேட், ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ.”
“தி பஸ் வாஸ் லேட்; தேர்ஃபோர், ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ.”
“ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ பிகாஸ் ஆஃப் தி லேட் பஸ்.”
“தி பஸ் பீயிங் லேட், ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ.”

ஆறிலும் இலக்கணப் பிழை கிடையாது. நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப முதலாவது போதும். காரணம் கேட்டு வந்த மெயிலுக்குப் பதில் எழுதினால் இரண்டாவது. அலுவலக அறிக்கையில் நான்காவது உட்காரும். ஆறாவதைத் தேர்வுத் தாளுக்கு வெளியே எழுதுபவர்கள் இன்று அபூர்வம். எதை எங்கே எடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி. இணைப்புச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தடுமாற்றத்துக்கு வேர் தமிழில் இருக்கிறது. தமிழ் தன் முடிச்சை வினையின் வாலில் போடுகிறது: ‘தாமதமானதால்’, ‘தாமதமானாலும்’, ‘தாமதமானபோது’. சார்ந்து நிற்கும் பகுதி பெரும்பாலும் முன்னால் வரும், முழு வினை கடைசியில் வந்து வாக்கியத்தை மூடும். ஆங்கிலத்தில் முடிச்சு தனிச்சொல். அது சார்பு வாக்கியத்தின் தலையில் உட்காரும், அந்த வாக்கியத்தை முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். ஆகவே ஆங்கிலத்தில் எழுதுபவர் ஒரே நேரத்தில் இரண்டு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. எந்தச் சொல் என்பது ஒன்று, எந்தப் பாதி முதலில் என்பது இன்னொன்று. தமிழில் இரண்டாவது கேள்வி அவ்வளவாக எழுவதே இல்லை என்பதால் பலர் அதைக் கேட்டுக்கொள்வதும் இல்லை.

முதலில் நகர்த்திப் பாருங்கள்

எந்தச் சொல் எந்தக் குடும்பம் என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இணைப்புச் சொல்லையும் அதற்குப் பின்னால் வரும் வாக்கியத்தையும் சேர்த்துத் தூக்கி முன்னால் வையுங்கள்.

“பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்” என்ற துண்டு முன்னால் போனாலும் வாக்கியம் நிற்கிறது. அப்படியானால் அது சார்பு இணைப்பு. பிகாஸ், ஆல்தோ, வென், வைல், இஃப், அன்லெஸ், அன்டில், ஸின்ஸ் எல்லாம் இந்தக் குடும்பம். “ஸோ ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ” என்பதை முன்னால் வைத்தால் பொருள் சிதைந்துபோகிறது. அது சமநிலை இணைப்பு. இந்தக் குடும்பத்தில் மொத்தம் ஏழே சொற்கள்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘ஃபேன்பாய்ஸ்’ என்று நினைவில் வைப்பது வழக்கம். மூன்றாவது குடும்பம் இரண்டு மாதிரியும் நடக்காது. ‘ஹௌவெவர்’, ‘தேர்ஃபோர்’ போன்றவை தன் வாக்கியத்துக்குள்ளேயே இடம் மாறும்: “ஐ, ஹௌவெவர், மிஸ்ட் தி இன்டர்வியூ.” இவை இணைப்புச் சொற்களே அல்ல, வினையடைகள். அதனால்தான் இரண்டு வாக்கியங்களை ஒட்டவைக்கும் பசை இவற்றிடம் இல்லை.

குடும்பம் தெரிந்துவிட்டால் நிறுத்தற்குறியும் தெரிந்துவிடும். சமநிலை இணைப்பின் இரண்டு பக்கமும் எழுவாயும் வினையும் இருந்தால் சொல்லுக்கு முன்னால் கமா. இரண்டு பக்கமும் மிகச் சிறியதாக இருந்தால் அதை விட்டுவிடலாம். பின்பாதியில் எழுவாய் இல்லையென்றால் கமா வேண்டாம்: “ஹி ஓபன்ட் தி லெட்டர் அண்ட் ரெட் இட்.” சார்பு வாக்கியம் முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் கமா, பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை. ‘ஆல்தோ’ மட்டும் பின்னால் வரும்போதும் கமாவைக் கேட்கும். ‘ஹௌவெவர்’ வகைக்கு முன்னால் ஸெமிகோலன் (;) அல்லது முற்றுப்புள்ளி, பின்னால் கமா.

‘அண்ட்’டின் வசதியும் விலையும்

தமிழில் “எழுந்து, குளித்து, சாப்பிட்டு, ஆபீஸுக்குப் போனேன்” என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். முழு வினை ஒன்றுதான், மற்றவை அதன்மேல் சாய்ந்து நிற்கும். ஆங்கிலத்தில் இதே செயலடுக்குக்கு எல்லா வினையும் ஒரே காலத்தில், ஒரே வடிவில் வர வேண்டும்: “ஐ காட் அப், பாத்ட், ஏட் அண்ட் லெஃப்ட் ஃபார் ஒர்க்.” ‘அண்ட்’ கடைசி வினைக்கு முன்னால் ஒருமுறை போதும். ஒவ்வொரு வினைக்கும் ஓர் ‘அண்ட்’ போட்டால் சிறுபிள்ளை கதை சொல்வதுபோல இருக்கும். நடுவில் ஒரு வினை மட்டும் வடிவம் மாறி, “ஐ காட் அப், பாத்திங் அண்ட் லெஃப்ட்” என்று வந்தால் பிழை.

‘அண்ட்’ எடுப்பதற்கு முன் ஒன்று யோசிக்க வேண்டும். அது இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்குமே ஒழிய உறவைச் சொல்லாது. “தி சர்வர் ஃபெயில்ட் அண்ட் வி லாஸ்ட் தி டேட்டா.” சர்வர் விழுந்ததால் தரவு போனதா, விழுந்த பிறகு வேறு காரணத்தால் போனதா? படிப்பவர் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்வார். காரணம் உறுதியாகத் தெரிந்தால் ‘பிகாஸ்’ எழுதுங்கள். தெரியாவிட்டால் இரண்டு வாக்கியமாகவே விட்டுவிடுவது நேர்மை.

‘நார்’ எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பின்னால் கேள்வி வாக்கியத்தின் வரிசை வரும்: “ஹி டிட் நாட் கால், நார் டிட் ஹி ரைட்.” காரணம் சொல்லும் ‘ஃபார்’ பழைய நடை. வாக்கியத்தின் நடுவில் மட்டும் வரும், முதலில் வராது. பேச்சில் கேட்கவே முடியாத இதை மெயிலில் எழுதினால் பட்டு வேட்டியுடன் பால் வாங்கப் போனதுபோல் இருக்கும்.

காரணம் சொல்ல: ‘ஸோ’, ‘பிகாஸ்’, ‘ஸின்ஸ்’, ‘ஆஸ்’

ஆங்கில வாசகர் புதுச் செய்தியை வாக்கியத்தின் கடைசியில் எதிர்பார்ப்பார். இதை வைத்தே பாதி முடிவை எடுத்துவிடலாம். நேர்காணலுக்கு நீங்கள் வரவில்லை என்பது எதிரில் இருப்பவருக்கு முன்பே தெரியும், ஏன் என்பதுதான் தெரியாது என்றால், காரணம் கடைசியில் வர வேண்டும்: “ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்.” பஸ் தாமதம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதன் விளைவுதான் புதிது என்றால் ‘ஸோ’. தமிழ் வரிசையில் காரணம் முன்னால் வந்து பழகிய கை இரண்டு இடத்திலும் ‘ஸோ’வையே எழுதும். ஒரு பக்கக் கடிதத்தில் ‘ஸோ’ நான்கு தடவைக்கு மேல் வந்திருந்தால், அதில் இரண்டையாவது ‘பிகாஸ்’ ஆக்கித் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

‘பிகாஸ்’ஸில் வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பது உண்டு. அப்படி ஒரு இலக்கண விதி இல்லை. “வொய் வேர் யூ லேட்?” என்ற கேள்விக்கு மாணவர் “பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்.” என்று அரை வாக்கியத்தை எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார். அதைத் தடுக்க வந்த எச்சரிக்கைதான் விதியாக வளர்ந்துவிட்டது. பின்னால் முதன்மை வாக்கியம் வருகிறதென்றால் தாராளமாக ‘பிகாஸ்’ஸில் தொடங்கலாம்.

‘ஸின்ஸ்’, ‘ஆஸ்’ இரண்டும் காரணத்தை மெல்லிய குரலில் சொல்பவை. படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த காரணத்துக்கு ஏற்றவை: “ஸின்ஸ் டுமாரோ இஸ் எ ஹாலிடே, தி பேங்க் வில் பி குளோஸ்ட்.” சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் காலப் பொருளும் உண்டு. “ஸின்ஸ் ஹி ஜாயின்ட் தி டீம், வி ஹாவ் ஹேட் நோ டிலேஸ்” என்றால் அவர் சேர்ந்ததிலிருந்து தாமதமில்லையா, சேர்ந்ததால் தாமதமில்லையா? “ஆஸ் தி கேட் வாஸ் குளோஸிங், ஐ ரேன்” என்றால் கேட் மூடிக்கொண்டிருந்தபோது ஓடினேனா, மூடியதால் ஓடினேனா? ஒப்பந்தம், புகார், மருத்துவக் குறிப்பு போன்றவற்றில் இந்த இரண்டையும் தவிர்த்து ‘பிகாஸ்’ எழுதுவதே பாதுகாப்பு.

‘பிகாஸ்’ஸுக்கும் ஒரு குழி உண்டு. முன்பாதியில் ‘நாட்’ வந்தால் பொருள் இரண்டாகப் பிளக்கும். “ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் தி ஸேலரி வாஸ் லோ.” சம்பளம் குறைவு என்பதால் ராஜினாமா செய்யாமல் இருந்தாரா? செய்தார், ஆனால் சம்பளத்துக்காக இல்லை என்பதா? தமிழில் இந்தக் குழப்பம் வராது. ‘குறைவாக இருந்ததால் ராஜினாமா செய்யவில்லை’, ‘ராஜினாமா செய்தது சம்பளத்துக்காக அல்ல’ என்று எதிர்மறை தன் இடத்தைத் தானே காட்டிவிடும். ஆங்கிலத்தில் முதல் பொருள் வேண்டுமானால் ‘பிகாஸ்’ பகுதியை முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டாவது வேண்டுமானால் “ஹி ரிசைன்ட், பட் நாட் பிகாஸ் ஆஃப் தி ஸேலரி” என்று மாற்றி எழுதுங்கள்.

அடிக்கடி காணும் பிழைகள் இன்னும் மூன்று. “பிகாஸ் தி பஸ் வாஸ் லேட், ஸோ ஐ மிஸ்ட்…” என்பதில் முடிச்சு இரண்டு இருக்கிறது, ஒன்றை அவிழ்க்க வேண்டும். “தி ரீஸன் இஸ் பிகாஸ்…” என்பதற்குப் பதில் “தி ரீஸன் இஸ் தட்…”. ‘பிகாஸ்’ஸுக்குப் பின்னால் முழு வாக்கியம் வரும், ‘பிகாஸ் ஆஃப்’, ‘ட்யூ டு’ இரண்டுக்கும் பின்னால் பெயர்ச்சொல் மட்டும். “ட்யூ டு தி பஸ் வாஸ் லேட்” என்பது வாரத்துக்கு நான்கு விடுப்புக் கடிதத்திலாவது கண்ணில் படுகிற வகை. “ட்யூ டு தி லேட் பஸ்” என்றால் சரி.

‘ஸோ’வும் ‘ஸோ தட்’டும் வேறு. முன்னது விளைவு: அதனால். பின்னது நோக்கம்: புரியும்படி, கிடைக்கும்படி. “ஐ ஸ்பீக் ஸ்லோலி ஸோ தட் எவ்ரிஒன் கேன் ஃபாலோ.” நோக்கம் சொல்லும்போது ‘கேன்’, ‘வில்’, ‘குட்’ போன்ற துணைவினை பின்னால் வரும், முன்னால் கமா வராது.

முரண் சொல்ல: ‘பட்’, ‘ஆல்தோ’, ‘டிஸ்பைட்’, ‘ஹௌவெவர்’

ஒரு ஃபோனைப் பற்றி எழுதுகிறீர்கள். கேமரா நன்றாக இருக்கிறது, பேட்டரி நிற்பதில்லை. “தி கேமரா இஸ் குட், பட் தி பேட்டரி இஸ் வீக்.” படிப்பவர் வாங்க மாட்டார். “தி பேட்டரி இஸ் வீக், பட் தி கேமரா இஸ் குட்.” படிப்பவர் யோசிப்பார். இரண்டிலும் செய்தி ஒன்றுதான். ‘பட்’டுக்குப் பின்னால் நிற்பதே தீர்ப்பு. ஊழியரைப் பற்றிய ஆண்டு மதிப்பீடு எழுதுகிறவர்கள், பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர்கள் இந்த வரிசையில்தான் தெரியாமல் ஒருவரைத் தூக்கிவிடுகிறார்கள் அல்லது கவிழ்த்துவிடுகிறார்கள்.

‘ஆல்தோ’வில் தீர்ப்பு இடத்தைப் பொறுத்ததல்ல. ‘ஆல்தோ’ தலையில் இருக்கும் பகுதி விட்டுக்கொடுத்த பகுதி, மற்றது முதன்மை. “ஆல்தோ தி பேட்டரி இஸ் வீக், தி கேமரா இஸ் குட்” என்பது வாங்கலாம் என்கிற தொனி. ‘ஆல்தோ’ பகுதியைப் பின்னால் தள்ளினால் முதன்மை மாறாது, ஆனால் விட்டுக்கொடுத்த குறை காதில் கடைசியாக ஒலிக்கும். கடைசியில் நிற்பதையே தீர்ப்பாக்க ‘பட்’, எந்த இடத்தில் நின்றாலும் ஒரு பக்கத்தை அடக்கி வாசிக்க ‘ஆல்தோ’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டையும் ஒன்றாகப் போடுவது தவறு: “ஆல்தோ தி பேட்டரி இஸ் வீக், பட்…”. பழைய பாடங்களில் “தோ ஹி இஸ் புவர், யெட் ஹி இஸ் ஆனஸ்ட்” என்று ஜோடி வரும். அது பழைய ஆங்கிலத்தில் ஏற்கப்பட்டது, இன்று ‘யெட்’ தேவையில்லை.

அடுத்தது தமிழர்களுக்கே உரிய ஒரு கண்ணி. நம் ‘ஆலும்’ விகுதி ஆங்கிலத்தில் இரண்டு இணைப்புகளுக்குப் பொது. “மழை பெய்தாலும் போவேன்”, “மழை பெய்தாலும் போனேன்” இரண்டிலும் ‘பெய்தாலும்’ ஒன்றே. முதலாவதில் மழை இன்னும் பெய்யவில்லை, பெய்யாமலும் போகலாம். அதற்கு ‘ஈவன் இஃப்’: “ஐ வில் கோ ஈவன் இஃப் இட் ரெயின்ஸ்.” இரண்டாவதில் மழை பெய்தே விட்டது. அதற்கு ‘ஈவன் தோ’: “ஐ வென்ட் ஈவன் தோ இட் ரெயின்ட்.” முழு வினையைப் பார்த்தாலே எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ‘ஈவன்’ மட்டும் தனியாக நிற்காது. “ஈவன் ஹி இஸ் ரிச், ஹி இஸ் ஸிம்பிள்” என்ற வாக்கியத்தில் ‘பணக்காரராக இருந்தாலும்கூட’ என்பதிலிருக்கும் ‘கூட’தான் ஆங்கில உடை போட்டு வந்திருக்கிறது. ‘ஈவன் தோ’ என்று முழுதாக எழுத வேண்டும்.

‘டிஸ்பைட்’டுக்கு ‘ஆஃப்’ கிடையாது, ‘இன் ஸ்பைட் ஆஃப்’ என்பதற்கு உண்டு. இரண்டுக்கும் பின்னால் பெயர்ச்சொல் அல்லது ‘இங்’ வடிவம்: “டிஸ்பைட் தி ஹெவி ரெயின்”, “டிஸ்பைட் பீயிங் டயர்ட்”. முழு வாக்கியத்தை வைத்தே ஆக வேண்டுமென்றால் “டிஸ்பைட் தி ஃபேக்ட் தட்” என்று ஒரு வால் சேர்க்கலாம். நான்கு சொல் செலவு செய்வதைவிட ‘ஆல்தோ’ ஒரு சொல்லில் முடிக்கும்.

‘ஹௌவெவர்’ எப்போது? இரண்டு வாக்கியமும் நீளமாக, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஏற்கெனவே இணைப்பு இருக்கும்போது. அங்கே ‘பட்’ போட்டால் மூச்சு முட்டும். “தி பேட்டரி இஸ் வீக், ஹௌவெவர் தி கேமரா இஸ் குட்” என்று கமாவில் ஒட்டுவதுதான் இணைப்பில் மிகப் பரவலான நிறுத்தற்குறிப் பிழை. கமா அவ்வளவு பாரம் தாங்காது. முன்னால் ஸெமிகோலன் அல்லது முற்றுப்புள்ளி வையுங்கள், பின்னால் கமா வையுங்கள். பின்னால் உள்ள கமாவை விட்டுவிட்டால் பொருளே மாறவும் கூடும்: “ஹௌவெவர் ஹார்ட் ஹி ட்ரைட்” என்றால் ‘எவ்வளவு முயன்றும்’. ஸெமிகோலனில் கை நடுங்குபவர்கள் முற்றுப்புள்ளி வைத்து ‘பட்’டில் புது வாக்கியம் தொடங்கலாம். அதுவும் தவறில்லை. அலுவலக மெயிலில் இன்று யாரும் புருவம் உயர்த்துவதில்லை.

காலம், நிபந்தனை: ‘வில்’ எங்கிருந்து வந்தது

“வென் ஐ வில் கம் டு சென்னை, ஐ வில் கால் யூ.” இந்த ‘வில்’லின் தடயம் ‘வரும்போது’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘வரும்’ என்பது எதிர்காலப் பெயரெச்சம். ஆங்கிலத்தில் வென், இஃப், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், ஆஸ் ஸூன் ஆஸ் ஆகியவற்றுக்குப் பின்னால் எதிர்காலச் செயலும் நிகழ்கால வடிவில்தான் வரும்: “வென் ஐ கம் டு சென்னை, ஐ வில் கால் யூ.” ‘வில்’ முதன்மை வாக்கியத்தில் ஒருமுறை போதும்.

‘அன்லெஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ இருக்கிறது. ‘நீ வராவிட்டால்’ என்பதை “அன்லெஸ் யூ டோன்ட் கம்” என்று எழுதினால் எதிர்மறை இரட்டிப்பாகி, ‘நீ வந்தால்’ என்று தலைகீழாகிவிடும். “அன்லெஸ் யூ கம்” அல்லது “இஃப் யூ டோன்ட் கம்”, இரண்டில் ஒன்று. எச்சரிக்கைக்கும் விதிவிலக்குக்கும் ‘அன்லெஸ்’ நல்லது. மற்ற இடங்களில் ‘இஃப் நாட்’ எளிது. ‘அன்டில்’லிலும் இதே கதை. ‘முடிக்காதவரை’ என்ற தமிழிலுள்ள எதிர்மறை ‘ஆத’ ஆங்கிலத்துக்குள் புகுந்து “அன்டில் யூ டோன்ட் ஃபினிஷ்” ஆகிறது. “அன்டில் யூ ஃபினிஷ்” போதும்.

‘ஆஸ் ஸூன் ஆஸ்’, ‘நோ ஸூனர்’, ‘ஹார்ட்லி’ மூன்றும் ஒரே பொருள். முதலாவதை எழுதுங்கள். மற்ற இரண்டும் தேர்வுக்கு. “நோ ஸூனர் டிட் தி பெல் ரிங் தேன் தி பாய்ஸ் ரேன் அவுட்.” ‘நோ ஸூனர்’ முன்னால் வந்தால் ‘டிட்’ அல்லது ‘ஹேட்’ எழுவாய்க்கு முன் வரும், இணையாக ‘தேன்’ வரும். ‘ஹார்ட்லி’க்கும் ‘ஸ்கேர்ஸ்லி’க்கும் இணை ‘வென்’. ஜோடி மாறினால் மதிப்பெண் போகும்.

இணைப்புச் சொல் இல்லாமல் இணைப்பது

‘இங்’ வடிவம் வினையெச்சத்துக்குச் சமம் என்று நினைத்தால் ஆபத்து. “மழை பெய்து ஏரி நிறைந்தது” என்று தமிழில் சொல்லலாம். பெய்தது மழை, நிறைந்தது ஏரி, எழுவாய் இரண்டானாலும் காரண காரியம் தொடர்பதால் தமிழ் ஏற்கிறது. ஆங்கிலத்தில் ‘இங்’ பகுதிக்குத் தனி எழுவாய் இல்லையென்றால் அடுத்து வரும் எழுவாய்தான் அந்தச் செயலையும் செய்தது என்று பொருள். “வாக்கிங் டு தி பஸ் ஸ்டாண்ட், தி ரெயின் பிகேன்” என்றால் மழை நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறது. “வைல் ஐ வாஸ் வாக்கிங் டு தி பஸ் ஸ்டாண்ட், தி ரெயின் பிகேன்” என்று விரித்தால் சரி. எழுவாய் ஒன்றாக இருந்தால் ‘இங்’ அழகாகவே அமையும்: “ஸீயிங் தி போலீஸ், தி தீஃப் ரேன் அவே.” முதல் செயல் முழுவதும் முடிந்த பிறகு அடுத்தது நடந்தால் ‘ஹாவிங்’: “ஹாவிங் ஃபினிஷ்ட் தி ஒர்க், ஷி வென்ட் ஹோம்.”

‘ஹூ’, ‘விச்’ பற்றி இரண்டே செய்தி. ‘நான் வாங்கிய புத்தகம்’ என்பதை “தி புக் விச் ஐ பாட் இட்” என்று எழுத வேண்டாம், ‘விச்’சே அந்த ‘இட்’டின் இடத்தை நிரப்பிவிட்டது. கமா பொருளை மாற்றும்: “மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை” என்றால் சகோதரர்கள் பலர், மதுரையில் இருப்பவரைச் சொல்கிறீர்கள். ‘பிரதர்’க்குப் பின் கமா போட்டால் சகோதரர் ஒருவரே, மதுரை என்பது கூடுதல் தகவல்.

தேர்வுத் தாளில் முடிவு வேறு

தமிழ்நாட்டுப் பள்ளி ஆங்கிலத் தேர்வில் ஸிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என மாற்றச் சொல்லும்போது நடையழகு பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. நம் இலக்கணத்திலுள்ள தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் இவைதான். முழு வினைகளை எண்ணுங்கள். ஒன்று என்றால் ஸிம்பிள். இரண்டு இருந்து நடுவில் ஏழு சொற்களில் ஒன்றோ, ஸெமிகோலனுடன் ‘ஹௌவெவர்’ வகையோ இருந்தால் காம்பவுண்ட். சார்பு இணைப்பு இருந்தால் காம்ப்ளெக்ஸ். வாக்கியம் நீளமா குட்டையா என்று பார்த்து முடிவு செய்வதுதான் பலர் செய்யும் தவறு.

மூன்றையும் ஒரே பொருளில் பார்க்கலாம். “ஹி இஸ் டூ வீக் டு வாக்.” இது ஸிம்பிள். “ஹி இஸ் வெரி வீக், அண்ட் ஸோ ஹி கேனாட் வாக்.” காம்பவுண்ட். “ஹி இஸ் ஸோ வீக் தட் ஹி கேனாட் வாக்.” காம்ப்ளெக்ஸ். ‘டூ… டு’வில் எதிர்மறை உள்ளே மறைந்திருக்கிறது. விரிக்கும்போது ‘கேனாட்’ வெளியே வர வேண்டும், வாக்கியம் இறந்த காலம் என்றால் ‘குட் நாட்’. இதை மறப்பவர்கள் அதிகம். நிபந்தனைக்கு: “ஹரி அப், ஆர் யூ வில் மிஸ் தி ட்ரெயின்” காம்பவுண்ட், “அன்லெஸ் யூ ஹரி, யூ வில் மிஸ் தி ட்ரெயின்” காம்ப்ளெக்ஸ். ஸிம்பிளுக்கு ‘இன் தி ஈவென்ட் ஆஃப்’ என்று தொடங்கும் வடிவத்தைக் கைடுகள் தரும். மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டிய வடிவம் அது. ரயிலைப் பிடிக்க ஓடும்போது எவரும் அப்படிப் பேசுவதில்லை.

ஜோடிச் சொற்களில் இடம்தான் முக்கியம். “ஹி நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் தமிழ் பட் ஆல்ஸோ ஹிந்தி” என்பதில் ‘நாட் ஒன்லி’க்குப் பின் வினை, ‘பட் ஆல்ஸோ’வுக்குப் பின் மொழி. இரண்டு பக்கமும் ஒரே இனம் வர வேண்டும்: “ஹி ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்ஸோ ஹிந்தி.” ‘நைதர்… நார்’ வந்தால் வினைக்கு அருகில் இருக்கும் பெயரைப் பார்த்து ஒருமை பன்மை முடிவு செய்யுங்கள்: “நைதர் தி மேனேஜர் நார் தி கிளர்க்ஸ் வேர் பிரெஸன்ட்.” ‘ஆஸ் வெல் ஆஸ்’ நம் ‘உம்’ போலத் தோன்றும், ஆனால் பன்மை ஆக்காது: “தி மேனேஜர், ஆஸ் வெல் ஆஸ் தி கிளர்க்ஸ், வாஸ் பிரெஸன்ட்.” ‘மேலாளரும் எழுத்தர்களும் வந்தார்கள்’ என்று மனதில் ஓடுவதால் கை தானாக ‘வேர்’ எழுதும்.

ஒரு புகார் மெயிலில் வைத்துப் பார்த்தால்

“ஐ பாட் எ மிக்ஸி ஆன் 5 ஜூன். இட் ஸ்டாப்ட் ஒர்க்கிங் ஆன் 12 ஜூன். ஐ கால்ட் தி ஸர்வீஸ் சென்டர் த்ரீ டைம்ஸ். நோபடி கேம். ஐ வான்ட் எ ரீஃபண்ட்.”

பிழையில்லாத ஐந்து வாக்கியங்கள். ஆனால் ஐந்தும் ஒரே உயரத்தில் நிற்பதால் எது புகார், எது பின்னணி என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ‘அண்ட்’, ‘ஸோ’ போட்டுத் தைத்தால் ஒரே நீளப் புலம்பலாகிவிடும். வாங்கிய தேதி பின்னணி, அதைப் பெயரோடு சேர்த்து ‘தட்’டில் அடக்கலாம். மூன்று முறை அழைத்தது விட்டுக்கொடுத்த பகுதி, யாரும் வராததுதான் குற்றம். அங்கே ‘ஆல்தோ’.

“தி மிக்ஸி தட் ஐ பாட் ஆன் 5 ஜூன் ஸ்டாப்ட் ஒர்க்கிங் ஆன் 12 ஜூன். ஆல்தோ ஐ கால்ட் தி ஸர்வீஸ் சென்டர் த்ரீ டைம்ஸ், நோபடி கேம். ஐ வான்ட் எ ரீஃபண்ட்.”

கடைசி வாக்கியத்தை ‘ஸோ’ போட்டு முந்தையதன் வாலில் கட்டியிருக்கலாம். கட்டினால் கோரிக்கை ஒரு விளைவாகச் சுருங்கி, வாக்கியத்தின் இரண்டாம் பாதியில் ஒதுங்கிவிடும். பணம் திரும்ப வேண்டும் என்றால் அதற்கு முன்னால் முற்றுப்புள்ளி இருக்கட்டும்.